சிவப்பு ஃபிரிட்ஜும் சின்னக் கரப்பான்களும்

கீழ்நாட்டிலிருந்து எங்கள் மலைக்கு வேலைக்கு வருகிற அரசாங்க ஆட்களுக்கு மாற்றல் வந்தால், அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அவர்கள் வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் கீழே கொண்டு போவதில்லை என்பதுதான் காரணம். அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளில் கட்டிலையும் பீரோவையும் இறக்கினால், போய்ச் சேரும்போது பாதி சாமானாகவும் பாதி விறகாகவும் இருக்கும். அதனால் கனமானதை எல்லாம் இங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டுத் துணி மூட்டையோடு பஸ் ஏறிவிடுவார்கள். எங்கள் ஊரில் பல வீடுகளில் இருக்கிற கட்டிலும் டிவியும் மிக்சியும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு சார் வீட்டிலோ டீச்சர் வீட்டிலோ இருந்தவைதான்.

அப்படி வருகிறவற்றில் நல்லதெல்லாம் என் சகலை வீட்டுக்கே போகும். சகலை என்றால் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். என் மகளுக்குப் பெரியப்பா. அவர் வீடும் என் வீடும் முதுகோடு முதுகு ஒட்டியவை. நடுவில் ஒரே சுவர். அவர் வீடு ரோட்டைப் பார்த்திருக்கும், என் வீடு தோட்டத்தைப் பார்த்திருக்கும். தேக்குக் கட்டில் வந்ததா, அவர் வீட்டுக்கு. கண்ணாடிக் கதவு போட்ட சமையலறை அலமாரி வந்ததா, அதுவும் அவர் வீட்டுக்கு. நான் போய்ச் சேரும்போது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோ, கால் ஆடுகிற ஸ்டூலோ மிச்சம் இருக்கும்.

எனக்குப் பொறாமைதான். வேறு பெயர் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் படித்தது எட்டாவது, அவர் படித்ததும் எட்டாவது. அவருக்கும் மிளகு, எனக்கும் மிளகு. அவர் மரவள்ளி போடுகிற மண்தான் என் காட்டிலும் இருக்கிறது. அப்படி இருந்தும் செய்தி அவருக்கு முதலில் தெரியும். அவர் முதலில் போவார். அவர் கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

பொருள் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். ஆனால் பொருளோடு என் மகளும் போய்விடுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைத் திண்டில் எறிந்துவிட்டு அந்த வீட்டுக்கு ஓடுவாள். அங்கே பெரியப்பாவுக்கு இரண்டு பையன்கள், பெரிய டிவி, கண்ணாடி அலமாரியில் எப்போதும் முறுக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததே இல்லையே என்று எண்ணிக்கொண்டு நான் மிளகைப் புடைத்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸ் சார் ஒருவருக்குச் சேலம் பக்கம் மாற்றல் வந்தது. அவர் வீட்டில் சிவப்பு நிறத்தில் ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது. நான் ஓட்டமும் நடையுமாகப் போனபோது சகலை ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். மூடினார். குனிந்து அதன் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "வேண்டாங்க சார்" என்றார்.

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

"ஏனுங்க சகலை, வேண்டாங்கறீங்க?"

"எனக்கு எதுக்கு தம்பி? மலையே ஃபிரிட்ஜாட்ட இருக்குது. இதுக்குள்ள இன்னொரு ஃபிரிட்ஜு எதுக்கு?"

"அப்ப நா எடுத்துக்கறேனுங்க."

அவர் என்னமோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, "பாத்து எடு" என்று மட்டும் சொன்னார். முதல் தடவையாக ஒரு நல்ல சாமான் என் வீட்டுக்கு வருகிறது, அதுதான் இவருக்குப் பொறுக்கவில்லை என்று நான் நினைத்தேன். பிக்கப் வண்டியில் அதை ஏற்றி, வேண்டுமென்றே ரோட்டுப் பக்கமாக, அவர் வாசல் வழியாகவே கொண்டு வந்தேன்.

ஃபிரிட்ஜைச் சமையலறையில் அந்தப் பொதுச் சுவர் ஓரமாக வைத்தோம். அடுத்த சில நாட்கள் என் வீடு திருவிழாப் போல இருந்தது. மகள் பாலில் சர்க்கரையும் சேமியாவும் போட்டுத் தம்ளர்களில் ஊற்றிக் குச்சி நட்டு ஐஸ் செய்தாள். சகலையின் பையன்கள் இரண்டு பேரும் எங்கள் வீட்டிலேயே கிடந்தார்கள். குளிரில் உதடு நீலமாகிற வரைக்கும் ஐஸ் தின்றார்கள். சிரிப்பெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் சகலை தனியாக டிவி பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்க எனக்கு இனித்தது.

பிறகு பூச்சிகள் வந்தன.

கரப்பான் பூச்சி எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் மலையில் விறகு அட்டியிலும் சருகுக்கு அடியிலும் பெரிதாக, கருஞ்சிவப்பாக ஒன்று இருக்கும். மழைக்காலத்தில் விளக்கைப் பார்த்துப் பறந்து வந்து சுவரில் மோதி விழும். விளக்குமாற்றால் ஒரு தட்டுத் தட்டி வெளியே தள்ளினால் கோழி பார்த்துக்கொள்ளும். அதற்கு யாரும் பயப்படுவதில்லை.

இப்போது வந்தவை சின்னவை. விரல் நகத்தை விடக் கொஞ்சம்தான் நீளம். பால் அதிகமாகப் போட்ட காப்பியின் நிறம். இவை பறக்கவில்லை, ஓடின. விடியற்காலையில் என் மனைவி விளக்கைப் போட்டதும் அடுப்பு மேடையில் யாரோ எள்ளை இறைத்தது போலச் சிதறி ஓடும். அஞ்சறைப் பெட்டியின் மூடி இடுக்கிலிருந்து ஒன்று வரும். கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து ஒன்று வரும்.

இவை அந்தப் பெரிய கரப்பானின் குட்டிகள் என்று நான் முடிவு செய்தேன். எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். சின்னதாக இருந்தால் குஞ்சு, பெரிதாக இருந்தால் தாய். கோழியில் அப்படித்தானே? குஞ்சு என் வீட்டில் இருந்தால் தாய் பக்கத்தில் எங்கேயோ இருக்க வேண்டும். பக்கத்தில் என்ன இருக்கிறது? பொதுச் சுவரின் கோடியில் சகலை அடுக்கி வைத்த விறகு அட்டி இருக்கிறது. அதை நம்புவதற்கு எனக்குக் கொஞ்சமும் சிரமமாக இல்லை.

நேரே போய்க் கேட்டேன்.

"ஏனுங்க சகலை, உங்க வெறகு அட்டிய அந்தாண்ட எடுத்து வெக்கோணும்."

"ஏன், என்னாச்சு?"

"கரப்பான் பூச்சி அதுல குட்டி போட்டு எங்கூட்டுக்கு அனுப்புதுங்க."

"எங்கூட்டுப் பூச்சி உங்கூட்டுக்கு எதுக்கு வருது? நாங்க சோறு போடறதில்லையா?"

உள்ளே என் மனைவியின் அக்கா சிரிப்பது கேட்டது. எனக்கு முகம் சுட்டது. சகலை மட்டும் சிரிக்காமல் என்னை உற்றுப் பார்த்தார்.

"எப்புடி இருக்குது பூச்சி? பெருசா, சிறுசா?"

"சிறுசுதானுங்க. குட்டி."

அவர் உடனே பையன்களைக் கூப்பிட்டு, தூறலில் நனைந்துகொண்டே விறகு முழுவதையும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் மாற்றினார். அடியில் பெரிய கரப்பான்கள் இருந்தன, ஒரு தேள் இருந்தது, பல்லி முட்டை இருந்தது. கோழிகளுக்கு நல்ல விருந்து. சின்னப் பூச்சி ஒன்றுகூட இல்லை. அதை நான் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை. அவரை நகர்த்த வைத்துவிட்டோம் என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது.

பூச்சிகள் குறையவில்லை. பேளுக்குறிச்சி சந்தைக்கு மிளகு கொண்டு போனபோது ஒரு மருந்து டப்பா வாங்கி வந்து சமையலறை முழுக்க அடித்தேன். மேலே பட்டவை மல்லாந்து செத்தன. படாதவை எல்லாம் சுவர் வெடிப்புக்குள் புகுந்துகொண்டன. அது பொதுச் சுவர். போங்கள், அந்தப் பக்கம் கண்ணாடி அலமாரி இருக்கிறது, வசதியாக இருங்கள் என்று மனதுக்குள் வழியனுப்பினேன். மருந்து வாடை போனதும் அத்தனையும் திரும்பி வந்தன. என் மகளுக்கு அந்த வீடு பிடித்திருந்தது. பூச்சிக்கு என் வீடு பிடித்திருந்தது.

மனைவி திட்டியதும் நியாயம்தான். "சோறாக்கற எடத்துல வெசத்த அடிச்சு வெச்சிருக்கறீங்களே, பூச்சி சாவுமா, நாம சாவோமா?" என்று எல்லாப் பாத்திரத்தையும் வெளியே போட்டுத் துலக்கினாள். இந்தக் கதையைக் கேட்கிற பிள்ளைகளே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து அடித்தால் பூச்சி இடம்தான் மாறும், பெரும்பாலும் வீடு மாறாது. மருந்து நம் தட்டில் படுவதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உண்மையாகவே உடைத்தது. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் என் மகள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருக்கிறாள். மூடியில் ரப்பர் வளையம் இருக்குமே, அந்த வளையத்துக்குள்ளிருந்து ஒரு சின்னக் கரப்பான் வெளியே வந்து, எலுமிச்சைச் சாதத்தின் மேல் நடந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எழுந்து ஓடியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் அவள் அழவில்லை. டப்பாவைக் கழுவித் தானே கவிழ்த்து வைத்தாள். அதோடு எங்கள் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"கண்ணு, ஒரு வாய் உண்டுட்டுப் போ சாமி."

"வேண்டாங்கப்பா. பெரியம்மா தட்டு போட்டுட்டாங்க."

தண்ணீர்கூட அங்கேதான் குடித்தாள். காலையில் டப்பாவும் அங்கேயிருந்துதான் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் கேட்கும். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கோ கண்ணு" என்று சகலை சொல்வது கேட்கும். இந்தப் பக்கம் என் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். கட்டில் போனபோதும் அலமாரி போனபோதும் எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் மகள் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

அவள் சாப்பிடாவிட்டாலும் பூச்சிகளை விடாமல் கவனித்து வந்தாள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு விடுமுறை நாள் காலையில் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, இங்க வாங்க. இது குட்டி இல்லீங்கப்பா."

ஒரு பூச்சியைக் கண்ணாடித் தம்ளரால் கவிழ்த்து மூடி வைத்திருந்தாள். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன்.

"தலைக்குப் பின்னாடி பாருங்க. கருப்பா ரெண்டு கோடு. பெருசுக்கு இந்தக் கோடு இல்ல. றெக்கையும் இருக்குது. இப்ப வால் பக்கம் பாருங்க."

வால் நுனியில் பழுப்பாக ஒரு சின்னப் பை ஒட்டிக்கொண்டிருந்தது. பயறு போல இருந்தது. அதில் மெல்லிய கோடுகள்.

"அது முட்டைப் பைங்கப்பா. தூக்கிக்கிட்டே திரியுது. குட்டியா இருந்தா அதுக்கு எப்புடி முட்டை இருக்கும்?"

 குஞ்சு முட்டை சுமக்காது. அப்படியானால் இது வளர்ந்த பூச்சி. இதன் அளவே இவ்வளவுதான். இது எங்கள் விறகு அட்டியின் பூச்சி இல்லை, எங்கள் மலையின் பூச்சியும் இல்லை. இதன் தாயை நான் சகலை வீட்டில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இது எங்கிருந்து கண்ணு வந்திருக்கும்?"

"ஃபிரிட்ஜுக்குப் பின்னாடிதான் நெறைய இருக்குது. அங்க கதகதன்னு இருக்கும். குளிர்ல நா கை காய வெக்கப் போவனில்ல, அப்பப் பாத்திருக்கறேன்."

டார்ச் அடித்துப் பார்த்தேன். மோட்டாரைச் சுற்றியும், தண்ணீர் சொட்டுகிற தட்டிலும், ஒயர்களுக்கு இடையிலும் காப்பித்தூள் தூவினாற்போல எச்சம். உரித்துப் போட்ட தோல்கள். நடுவில் அவை, கூட்டமாக. எங்கள் வீட்டில் இராப்பகல் சூடாக இருக்கிற ஒரே இடம் அதுதான். எங்கள் குளிர் ஆகாத ஒரு பூச்சியைச் சூடான அறையோடு சேர்த்து நானேதான் வண்டி வைத்து, ஊர் பார்க்கக் கொண்டு வந்திருக்கிறேன்.

ஃபிரிட்ஜை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆண்கள் வேண்டும். சகலையைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. நானும் மனைவியும் கோணிச் சாக்கை அடியில் போட்டு இழுத்தோம். நிலைப்படி வரை வந்தது. அங்கே சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நான் உள்ளே மாட்டிக்கொண்டேன், மனைவி வெளியே நின்றாள். யாருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேனோ அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன தம்பி, ஃபிரிட்ஜு ஊட்ட உட்டுப் போவ மாட்டேங்குதா?"

"கொஞ்சம் கை குடுங்க சகலை."

இருவரும் தூக்கி வாசலில் வைத்தோம். அவர் யாரும் சொல்லாமலே திருப்புளியை எடுத்துப் பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். பிறகு வீட்டுக்குப் போய் ஒரு பழைய டப்பாவோடு வந்தார். உள்ளே வெள்ளைப் பொடி.

"போரிக் பவுடர். மிச்சம் கெடந்துச்சு."

"இது எப்புடிங்க உங்ககிட்ட?"

"அந்தக் கண்ணாடி அலமாரி வந்துச்சில்ல, அப்ப இதே கதைதான். ஆணி ஓட்டை பூராவும் இதுதான்."

"அப்ப நீங்க ஒண்ணுஞ் சொல்லலியே?"

அவர் தகட்டைத் தட்டி உதறிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"எப்புடிச் சொல்லுவேன்? கரப்பான் இருக்கற ஊடுன்னா உம் புள்ள வருமா? எங்கூட்டுல ரெண்டும் தடிப்பசங்க. பொம்பளப் புள்ள சத்தம் கேக்கறதே உம் புள்ளயாலதான்."

எனக்குச் சட்டென்று கேட்க வேண்டியது நினைவுக்கு வந்தது.

"ஃபிரிட்ஜுல இருக்குதுன்னு தெரிஞ்சுதான் வேண்டாம்னு சொன்னீங்களா?"

"பின்னாடி எட்டிப் பாத்தேன். ரெண்டு ஓடுச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா உட்டுருப்பியா? சகலைக்கு வயித்தெரிச்சல்னு சொல்லி, பக்கத்தூட்டு ஃபிரிட்ஜையுஞ் சேத்துத் தூக்கிட்டு வந்திருப்ப."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் சொன்னது அப்படியே உண்மைதான். ஆனாலும் உள்ளே ஒரு புது எரிச்சல் தொடங்கியது. நான் ஜெயித்தேன் என்று நினைத்த ஒரே ஒரு தடவையும் அவர் வேண்டாம் என்று விட்டதைத்தான் எடுத்திருக்கிறேன்.

அன்று பகல் முழுக்க ஃபிரிட்ஜ் குளிர்காற்றில் நின்றது. சூடு போனதும் பூச்சிகள் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தன. கோழிகள் சுற்றி நின்றன. முட்டைப் பைகளைச் சுரண்டி எடுத்து நெருப்பில் போட்டோம். சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காய வைத்தோம். சகலை போரிக் பவுடரோடு கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்து, ஒரு பழைய தேங்காய்ச் சிரட்டையில் வெங்காயச் சாறு விட்டுப் பிசைந்தார். சுண்டைக்காய் அளவு உருட்டி, பாட்டில் மூடிகளில் வைத்து, மோட்டாருக்குப் பின்னாலும் மேடைக்கு அடியிலும், பிள்ளையின் கையோ கோழியின் மூக்கோ எட்டாத இடமாகப் பார்த்து வைத்தோம். அந்த உருண்டையைப் பிள்ளைகள் தொடவே கூடாது. பிசைந்த சிரட்டையையும் நாங்கள் குழி தோண்டிப் புதைத்துவிட்டோம். மருந்து டப்பாவை இனி அடிக்காதே என்றும் சொன்னார். அந்த வாடை அடித்தால் பூச்சி இதைத் தின்ன வராதாம்.

அதற்குப் பிறகு வேலையெல்லாம் எங்களுடையது. பொழுதோடு அடுப்பு மேடையின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தோம். பாத்திரம் கழுவுகிற இடத்தை ஈரம் இல்லாமல் வைத்தோம். கடையிலிருந்து வந்த அட்டைப் பெட்டிகளை எரித்தோம். பொதுச் சுவரின் வெடிப்புகளை நான் இந்தப் பக்கமிருந்து சிமெண்ட் வைத்து அடைத்தேன், அவர் அந்தப் பக்கமிருந்து அடைத்தார். வெடிப்பு வழியாக, "உம்பக்கம் பூசியாச்சா?" என்று அவர் கேட்க, "ஆச்சுங்க" என்று நான் சொல்ல, கடைசி ஓட்டை அடைபட்டதும் அவர் குரல் சிறுத்துப் போனது. முட்டையிலிருந்து மறுபடி பொரிக்கும் என்பதால் சில வாரம் விட்டு உருண்டையை மாற்றி வைத்தோம். அப்போதும் ஒன்றிரண்டு தென்பட்டன. பிறகு அவையும் இல்லை.

மகள் எங்கள் பேச்சை நம்பவில்லை. தினமும் காலையில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்க் கை காய வைப்பது போல நின்று டார்ச் அடித்துப் பார்ப்பாள். டப்பா மூடியின் ரப்பரைக் கழற்றிப் பார்ப்பாள். நானும் மனைவியும் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருப்பவர்களைப் போலப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, மேடைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, தட்டு போடுங்க."

கீரைக் குழம்பும் சாமைச் சோறும்தான். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் மிளகு மூட்டையைத் தைப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

போன மழைக்குப் பிறகு ஒரு டீச்சருக்கு மாற்றல் வந்தது. துணி துவைக்கிற மிஷின் ஒன்றை விட்டுவிட்டுப் போகிறார் என்றார்கள். நானும் சகலையும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். இந்தத் தடவை நான்தான் முதலில் குனிந்தேன். பின்பக்கம், அடிப்பக்கம், குழாய் நுழைகிற ஓட்டை எல்லாம் பார்த்தேன். ஒரு துளி எச்சம்கூட இல்லை. எங்கள் வீட்டில் அதற்குத் தண்ணீர்க் குழாய் வசதி இல்லை. அவர் வீட்டில் உண்டு.

"என்ன தம்பி, இருக்குதா?"

ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் விட்டுவிட்டுப் போயிருப்பார். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லீங்க. சுத்தமா இருக்குது."

இப்போது அது சுவருக்கு அந்தப் பக்கம் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. சிமெண்ட் பூசியும் அந்தச் சத்தம் மட்டும் கேட்கிறது. என் மகளின் பள்ளிக்கூடச் சட்டையைப் பெரியம்மா அதில் துவைத்து, மடித்துக் கொடுக்கிறாள். நாங்கள் துவைத்ததைவிட வெளுப்பாகத்தான் இருக்கிறது. எனக்கு எரியத்தான் எரிகிறது. அந்த வெள்ளைச் சட்டையோடு மகள் வீட்டுக்கு வருகிறாள், டப்பா மூடியின் ரப்பரை ஒரு தடவை விரலால் சுற்றித் தடவிப் பார்க்கிறாள், பிறகு எங்கள் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.